பெரியம்மா சொல்லும் பேன் கதை

இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போனோம். கணவர் ஓட்டினார். பின் இருக்கையில் என் அம்மாவும், ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகளும். பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், பிள்ளைக்குக் கடல் காட்டப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் நான் பழிவாங்கத்தான் போனேன். அதற்கு இதைவிட மரியாதையான சொல் எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் வீட்டுப் படியேறுவதை நான் வெகுநாளாகத் தவிர்த்துவந்தேன். கல்யாணம், ஞானஸ்நானம், துக்கம் என்று எதற்குச் செய்தி வந்தாலும் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவேன். அந்த நவம்பரில் மகளுக்குப் பள்ளியில் நடனப் போட்டி. இடுப்புக்குக் கீழே சடை தொங்க அவள் நின்ற படத்தை அம்மா குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவின் குரல் வந்தது. “ஏளா, முடி அப்படியே ஆத்தாளுக்கு உள்ளது மாதிரி இருக்கே. பேனும் அதே மாதிரிதானா?” கூடவே ஒரு சிரிப்பு. அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகச் சிரிக்கிற பொம்மை முகங்களைப் போட்டிருந்தார்கள். மகள் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டி, “இது என்னம்மா பேன்?” என்று கேட்டாள்.

அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். “லீவுக்குத் தூத்துக்குடி போறோம்.”

அவருக்கு எல்லாம் தெரியும். “சண்டை போடவா?” என்றார்.

“ஆமா.”

“சரி. சாப்பிட்டு முடிச்சதுக்கப்புறம் ஆரம்பி. அவங்க வீட்டுக் கறிக்குழம்பு நல்லா இருக்கும்னு நீயே சொல்லியிருக்கே.”

ஒட்டன்சத்திரத்தில் காப்பிக்கு நிறுத்தினோம். அம்மா காரை விட்டு இறங்காமல் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். “அங்கன போயி ஒண்ணும் பேசிராதளா. நல்ல நாளும் பொழுதுமா.”

“நான் என்னத்தப் பேசப் போறேன்?”

“உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. அவளுக்கும் வயசாயிட்டு. இனிமே என்னத்துக்கு?”

நான் காரில் ஏறி என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினாள். நான் சொல்லப்போகும் வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். சத்தம் போடக் கூடாது, அழக் கூடாது, ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும். எல்லாரும் கேட்க வேண்டும், கேட்டபின் யாரும் சிரிக்கக் கூடாது.

அருப்புக்கோட்டை தாண்டிக் கரிசல் காடு தொடங்கியது. மழை பெய்து ஓய்ந்து, உளுந்தும் சோளமும் பச்சையாக நின்றன. எட்டயபுரம் பக்கம் வந்தபோது மகள் விழித்துக்கொண்டாள். மறுபடியும் கேட்டாள், “அந்தப் பேன் கதை என்னன்னு சொல்லவே இல்லையே?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னேன். மகளிடம் சொல்வது போல அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை. அப்பா பெரியப்பாவின் தோணியில் வேலை பார்த்தார். சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும் மரத் தோணி. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே பெரியப்பா தயவில்தான் என்று பெரியம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அதை மறக்கவும் விட்டதில்லை. காலேஜ் படிக்க என்னை அவள் வீட்டில் கொண்டுவிட்டார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் மாடி வீடு. அவளுக்கு ஒரே மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். அக்கா என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள்.

அக்காவைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறவர்கள். அவர்கள் போகும்வரை சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று பெரியம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் கை கழுவப் பின்கட்டுக்கு வந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் காய, முடியை முன்னால் போட்டுக்கொண்டு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முடி தரையில் கிடந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். “இது யாரு பிள்ள?” என்று கேட்டாள். “தங்கச்சி மக” என்றாள் பெரியம்மா.

மறுநாள் சாயங்காலம் ஹாலில் போன் அடித்தது. பெரியப்பா எடுத்தார். அவர் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். “சின்னவளா? எந்தச் சின்னவ? அட, அது என் கொழுந்தியா மகள்லா! அதைப் பத்திப் பேச்சே இல்லையே!” நான் சாப்பாட்டு மேசையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஹால் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள்.

அதற்கு மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். “வா, பேன் பாக்கேன். தலையைச் சொறிஞ்சுகிட்டே இருக்க.” நான் சொறியவில்லை. கிணற்றடி முக்காலியில் உட்காரவைத்துச் சடையை அவிழ்க்காமலே கையில் சுற்றிப் பிடித்தாள். கத்தரி கழுத்தில் பட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. திரும்பினேன். “அசையாத, காது போயிரும்” என்றாள். ஒரே வெட்டில் போகவில்லை. அறுத்து அறுத்து எடுத்தாள். முடித்துவிட்டு, “கல்யாண வீட்டுல பேனு பரவப்படாதுல்லா” என்று சொல்லிச் சடையை ஒரு தாளில் சுற்றி உள்ளே கொண்டுபோனாள்.

அந்த வாரமே கதை தெருவெல்லாம் பரவிவிட்டது. தலை முழுக்கப் பேன், சீப்பு வைக்க இடமில்லை, சீயக்காய்க்குக் கேட்கவில்லை, வேறு வழியில்லாமல் வெட்டினேன் என்று பெரியம்மா சொல்லித் திரிந்தாள். காலேஜில் என் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் யோசித்தார்கள். விஷயம் தெரிந்து அம்மா ஊரிலிருந்து வந்தாள். என் தலையைப் பார்த்தாள். பெரியம்மா வீட்டில் காப்பி குடித்தாள். போகும்போது என்னிடம், “முடிதான, வளந்துரும்” என்றாள்.

இதைச் சொன்னபோது பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை.

“அந்தக் கல்யாணம் நடந்துச்சா?” என்று மகள் கேட்டாள்.

நடந்தது. அதே மாப்பிள்ளைதான். பெரியப்பா இரண்டு தடவை போய்ப் பேசி முடித்தார். கல்யாணத்தன்று வரவேற்புக்கு முன்னால், பட்டுச்சேலை கட்டிய அக்காவைக் கண்ணாடி முன் உட்காரவைத்திருந்தார்கள். அக்காவுக்குச் சுருட்டை முடி, தோள்வரைக்கும்தான். பெரியம்மா ஒரு சவுரிமுடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “இதை வச்சுப் பின்னி விடு, நீதான் நல்லா பின்னுவ.” வாங்கிய உடனே தெரிந்துவிட்டது. நுனியெல்லாம் செம்பட்டை. சின்ன வயதிலிருந்தே உப்புத்தண்ணீரில் குளித்து வெளுத்த நுனி. என் முடியை எனக்குத் தெரியாதா? கடையில் கொடுத்துச் சவுரி கட்டி வாங்கியிருக்கிறாள். அதை என் கையாலேயே அக்கா தலையில் வைத்துப் பின்னினேன். பூவும் சுற்றினேன்.

“ஏம்மா பின்னுன?” என்றாள் மகள்.

“அப்பா அவங்க தோணியில இருந்தாரு.”

ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஒரு கையை எடுத்து என் முழங்கையைத் தொட்டார். “எட்டயபுரம் தாண்டுனதும் உன் பேச்சே மாறிடுச்சு. நல்லதுதான். கோயம்புத்தூர்த் தமிழ்ல சண்டை போட்டா அவங்களுக்குப் புரியாது.”

ஊருக்குள் நுழையும்போது சாயங்காலம். வீடுகளிலெல்லாம் நட்சத்திர விளக்கு தொங்கியது. வரும் வழியில் எனக்கு ஒரே ஒரு கவலைதான். பெரியம்மா தளர்ந்துபோய், கை நடுங்க, கண் தெரியாமல் நின்றால் என்ன செய்வது? அப்படி இருந்தால் எல்லாம் கெட்டுப்போகும். நல்லவேளை, அவள் திடமாக இருந்தாள். வாசலுக்கே வந்து என் மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கொடுத்த கையோடு சடையைத் தூக்கி எடை பார்த்தாள். “நல்ல கனம்” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பெரியப்பா காலமாகிவிட்டார். அக்காவும் அத்தானும் இப்போது பெரியம்மாவோடு அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், அந்த வருடம் வரவில்லை. அக்கா நன்றாக மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ஹால் சுவரில் அந்த வரவேற்புப் படம் பெரிதாக, சட்டம் போட்டு, முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பூச்சடை முன்னால் மடியில் கிடக்கிறது, பக்கத்தில் அத்தான் நிற்கிறார்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பெரியப்பா வழிச் சொந்தமெல்லாம் வந்திருந்தார்கள். நீள மேசை போதாமல் கூட ஒரு மேசை சேர்த்துப் போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய், அப்பளம். அக்காதான் எல்லாருக்கும் பரிமாறினாள். தலைமாட்டில் பெரியம்மா, அவளுக்குப் பக்கத்தில் அத்தான். நான் எதிரே உட்கார்ந்தேன். நானாக ஆரம்பிக்க வேண்டியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவசியமே வரவில்லை.

“எல்லாரும் இந்தப் பிள்ள தலையப் பாருங்க” என்றாள் பெரியம்மா. “அப்படியே இவ ஆத்தா தலதான். ஆனா அந்தத் தலையில ஒரு ஊரே குடியிருந்துச்சு, கேட்டியளா?” சோற்றில் கையை வைத்தபடியே முழுக் கதையையும் சொன்னாள். சீப்பு, சீயக்காய், கத்தரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள் போலிருக்கிறது. இந்தத் தடவை பேன் தலையணையில் ஊர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் தட்டைப் பார்த்தபடி லேசாகச் சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா,” என்றேன், “கதையைப் பாதியில நிறுத்திட்டீங்களே. வெட்டுன முடி எங்க போச்சுன்னு சொல்லுங்க.”

“குப்பையில போட்டேன். வேற என்ன செய்ய?”

“குப்பையிலயா? அந்தப் படத்துல அக்கா மடியில கெடக்கே, அது என்ன?”

எல்லாத் தலையும் ஹால் பக்கம் திரும்பியது. நான் குரலை உயர்த்தவே இல்லை. “நுனியைப் பாருங்க, செம்பட்டையா இருக்கு. அக்காவுக்குச் சுருட்டை முடி. அது என் சடை. சவுரி கட்டி வாங்கி என் கையிலயே குடுத்துப் பின்னச் சொன்னீங்க. பேன் பிடிச்ச முடியை யாராவது கல்யாணப் பொண்ணு தலையில வைப்பாங்களா, பெரியம்மா?”

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். “எந்தச் சவுரி? கடையில வாங்கினது அது” என்றாள். யாரும் நம்பவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்தேன். வயிறு நிறைந்தது போல இருந்தது.

அடுத்து, சடையை ஏன் வெட்டினாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான் கடகடவென்று சிரித்தார்.

“அப்படிப் போடு! நாங்க அன்னைக்கே கேட்டது சின்னவளைத்தான. ஆளு வரல, முடி மட்டும் பார்சல்ல வந்துருக்கு!”

அவர் மட்டும்தான் சிரித்தார். நான் இத்தனை வருடம் வைத்திருந்த வாக்கியத்தை அவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். அக்கா முகம் எப்படி ஆகுமோ என்று பார்த்தேன். அவள் குழம்புச் சட்டியோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகம் மாறவே இல்லை. தினமும் கேட்கிற பஸ் ஹாரனைக் கேட்டது போல நின்றாள்.

“மாப்ள, என்ன பேச்சு பேசுதிய?” என்றாள் பெரியம்மா.

“புதுசாவா பேசுதாவ?” என்றாள் அக்கா. “கல்யாணமான மறு மாசத்துலேருந்து இதான். குழம்புல உப்பு கூடிச்சுன்னா சின்னவளைக் கட்டியிருக்கணும். கரண்டு பில்லு கூடிச்சுன்னா சின்னவளைக் கட்டியிருக்கணும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேளா...”

“உன்கிட்ட சொன்னா? நீ இவிய எதை வெட்டுவ?”

பெரியம்மா தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். நான் சொன்னது அவளுக்கு அவமானம்தான். அவள் பெற்ற மகள் சொன்னது உள்ளே போய்த் தைத்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்காகக் கத்தரியை எடுத்தாளோ அந்தக் கல்யாணம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் யோசித்து யோசித்து வைத்திருந்த எதுவும் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “சவுரி உன்னதுன்னு எனக்கும் தெரியும். அன்னைக்குக் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தேன்.”

அத்தான் சமாளிக்கப் பார்த்தார். “எல்லாம் ஒரு ஜோக்குக்குத்தான். இவ சீரியஸா எடுத்துக்கிடுதா. உண்மையத்தான சொன்னேன்? எங்கம்மா கேட்டாவளா இல்லையா?”

“கேட்டாங்க அத்தான்” என்றேன். “என்கிட்டதான் யாரும் கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு அதிரசத்தைத் தின்னுட்டு, யாரும் பாக்கலன்னு நெனச்சு, ஜன்னல் திரையில கையைத் தொடச்சீங்களே. சமையக்கட்டுக் கதவிடுக்குல நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அந்த எண்ணெய்க் கறையை மூணு தடவ தொவைச்சேன், போகல.”

முதலில் என் மகள் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு என் கணவர் தண்ணீர் குடிப்பது போல டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கினார். பெரியப்பா வழிச் சொந்தத்தில் ஒரு மாமி, “அதான் இப்பவும் கை தொடைக்கச் சேலை முந்தானை கெடைச்சா விட மாட்டாவ” என்றாள். அப்போது மேசையே சிரித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அத்தான் காது வரைக்கும் சிவந்துபோனார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பரிமாறினாள். எனக்கு, என் மகளுக்கு, மாமிக்கு, வரிசையாக எல்லாருக்கும். அத்தான் தட்டைத் தாண்டிப் போனாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தானே எழுந்துபோய்ச் சட்டியிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டார். நான் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கணவர் சொன்னது சரிதான், குழம்பு நன்றாக இருந்தது.

மறுநாள் கிளம்பினோம். பெரியம்மா வழக்கம்போல அம்மா கையில் மக்ரூன் டப்பாக்களைக் கொடுத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. மகளிடம் மட்டும், “நல்லாப் படி” என்றாள். முத்தையாபுரம் வழியாகத் தெற்கே போய், மகளுக்குச் சொன்னபடி கடலைக் காட்டினோம். அவள் அலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா மெல்லச் சொன்னாள்.

“என்ன இருந்தாலும் சோத்துல கையை வச்சிருக்கும்போதா பேசுவாவ?”

“அவங்க கதையைச் சொன்னது எதுல கையை வச்சிக்கிட்டு?”

“நான் சிரிச்சது தப்புதான்” என்றாள்.

“அன்னைக்குக் காப்பி குடிச்சது?”

அவள் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் காருக்குப் போனாள். வழியில் மக்ரூனை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. மகளும் கணவரும் மதுரை வருவதற்குள் ஒரு டப்பாவைக் காலி செய்தார்கள்.

அக்கா அதற்கடுத்த மே மாதம் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தான் இல்லாமல் அவள் எங்கும் போனதே இல்லையாம். பத்துப் பதினைந்து நாள் இருந்தாள். காலையில் நடக்கப் போவாள், வந்து பேப்பர் படிப்பாள், நான் வைத்ததைச் சாப்பிடுவாள். அத்தான் இப்போது ‘சின்னவ’ என்ற சொல்லையே எடுப்பதில்லை என்றாள். யாராவது திரைச்சீலை என்று சொன்னாலே எழுந்து போய்விடுகிறாராம். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் மனதில் இன்னும் இருக்கிறது. அவள் ஊருக்குப் போகும்போது ரயிலடி வரை கூடப் போனேன்.

குடும்பக் குழுவில் பேன் கதை அதற்குப் பிறகு வரவில்லை. போன தவக்காலத்தில் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாக இருக்கிறாள். என்னைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்.

“ஒரு தடவ வாயேன்ளா” என்றாள் அம்மா.

“என் நம்பர் அவங்ககிட்ட இருக்கு. அவங்களே கூப்பிடட்டும்.”

“உடம்பு முடியாதவ.”

“வாய் நல்லாத்தான இருக்கு?”

அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டேன். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். பெரியம்மாவுக்கு ஆரஞ்சுப் பழமும் கொடுத்தனுப்பினேன், யார் வாங்கியது என்று சொல்ல வேண்டாம் என்றேன். பெரியம்மா இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேசுவேன். ஆனால் முதல் தடவை போனை அடித்து ஓய விடுவேன்.